மடத்து பீரும் மீன் வாயில் மோதிரமும்

போன இதழில் கப்பல் வேலை பற்றிக் கேட்ட ஒரு தம்பிக்குப் பதில் எழுதும்போது, ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கினால் பக்கத்திலேயே துறவிகள் காய்ச்சும் பீர் கிடைக்கும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை முழுக்க. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் இதில் இத்தனை பேருக்கு ஆர்வம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. திட்டி ஒரு கடிதம் வந்திருக்கிறது, அதையும் ஒளிக்காமல் போட்டிருக்கிறேன்.

அண்ணா, நாங்கள் தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம். சாமியார்கள் பீர் காய்ச்சுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நிஜமா, கிண்டலா?
— ராயபுரம் வாசகி

நிஜம்தாம்மா. ஆனால் நம் பங்கில் பூசை வைக்கிற ஃபாதரை மனதில் வைத்துக்கொண்டு யோசித்தால் குழப்பம்தான் வரும். அவர் ஊருக்குள் இருப்பவர், கல்யாணம் கருமாதி எல்லாவற்றுக்கும் வருபவர். நான் சொன்னவர்கள் மதில் சுவருக்குள்ளேயே வாழ்நாளைக் கழிக்கிற துறவிகள். விடிவதற்கு வெகு முன்பே எழுந்து ஜெபம், அப்புறம் வேலை, வாசிப்பு, மறுபடி ஜெபம், இதுதான் தினமும். பேசவே மாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள் என்று ஒரு கதை உண்டு, அது தவறு. தேவையில்லாமல் பேச மாட்டார்கள், அவ்வளவுதான். (அந்தக் கட்டுப்பாட்டை எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு வாரம் அமல்படுத்தினால் கடையை மூடிவிட வேண்டியதுதான்.)

பிரான்சில் நார்மண்டிப் பகுதியில் லா த்ராப் என்று ஒரு மடம். 1664-ல் அதன் தலைவராக இருந்த ரான்ஸே என்பவர், மடத்து வாழ்க்கை ரொம்ப சொகுசாகிவிட்டது என்று எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்தார். அந்த வழியில் வந்தவர்களுக்குத்தான் த்ராப்பிஸ்ட் என்று பெயர். இவர்கள் பின்பற்றுவது 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிவைத்த ஒழுங்கு. அதில் இரண்டு இடங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒன்று, தன் கையால் உழைத்துச் சாப்பிடுகிறவனே உண்மையான துறவி என்கிற இடம். காணிக்கைத் தட்டை நம்பி உட்காரக் கூடாது என்று அர்த்தம். அதனால்தான் ஒரு மடம் பாலாடைக்கட்டி செய்கிறது, ஒரு மடம் ரொட்டி சுடுகிறது, சில மடங்கள் பீர் காய்ச்சுகின்றன. இன்னொன்று குடி பற்றியது. துறவிக்குத் திராட்சை ரசம் கூடாது என்றுதான் படித்திருக்கிறோம், ஆனால் இந்தக் காலத்துத் துறவிகளிடம் அதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைக்க முடியாது, அதனால் அளவோடு குடிக்கவாவது சம்மதிப்போம் என்று எழுதி ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளவும் வைத்துவிட்டார். ஏறக்குறைய 1,500 வருஷத்துக்கு முன்பே மனுஷனைச் சரியாகப் புரிந்துகொண்டவர்.

பிரெஞ்சுப் புரட்சியில் துறவிகளை விரட்டினார்கள். ஓடியவர்களில் சிலர் 1794-ல் இன்றைய பெல்ஜியத்தில் வெஸ்ட்மாலே என்ற இடத்தில் தங்கினார்கள். அங்கே திராட்சைக்கு ஏது வெயில்? ஊர்க்காரன் குடிப்பது பீர். அப்போ துறவிக்கும் பீர்தான். 1836 டிசம்பர் 10-ந் தேதி மதியச் சாப்பாட்டோடு முதல் முறையாகத் தாங்களே காய்ச்சிய பீரைக் குடித்தார்கள். வெளியே விற்றதெல்லாம் பிறகு வந்த கதை.

பெங்களூரில் ஒரு பாட்டிலைப் பார்த்தேன், லேபிளில் மடம் மாதிரி கோபுரம் எல்லாம் போட்டிருந்தது. அதுவும் நீங்கள் சொன்ன பீர்தானா?
— பெரம்பூர் வாசகர்

படத்தை நம்பாதீர்கள். கோபுரமும் தொப்பைச் சாமியாரும் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். 'அபே பீர்' என்று ஒரு வகை இருக்கிறது. ஏதோ ஒரு மடத்தின் பெயரை உரிமம் வாங்கி, அல்லது என்றோ அழிந்துபோன மடத்தின் பெயரைப் போட்டு, கம்பெனிகள் காய்ச்சுவது. லெஃப் அந்த வகைதான், உலகத்திலேயே பெரிய பீர் கம்பெனியின் கையில் இருக்கிறது. மோசம் என்று சொல்லவில்லை, சில நன்றாகவே இருக்கும். ஆனால் துறவி காய்ச்சியது இல்லை.

இந்தப் பெயர்த் திருட்டு அவர்களுக்குப் பழைய தலைவலி. 1962-ல் பெல்ஜியத்தின் கெண்ட் நகர நீதிமன்றம் த்ராப்பிஸ்ட் என்ற பெயரைக் கண்டவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னது. 1990-களின் கடைசியில் மடங்களே சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, அறுகோண முத்திரை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பாட்டிலில் நீங்கள் தேட வேண்டியது அதைத்தான். முத்திரை வேண்டுமென்றால் மடத்து மதிலுக்குள்ளேயே காய்ச்ச வேண்டும், துறவிகளே காய்ச்ச வேண்டும் அல்லது அவர்கள் மேற்பார்வையில் நடக்க வேண்டும். காய்ச்சுவது ஜெப வாழ்க்கைக்கு அடுத்துத்தான் வர வேண்டும். வருகிற காசு மடத்துச் செலவுக்கும் கட்டடத்துக்கும், மிச்சம் தர்மத்துக்கு. லாபம் சேர்க்கக் கூடாது.

இதில் சமரசமே கிடையாது. பெல்ஜியத்தில் ஆக்கல் என்று ஒரு மடம். அதே சுவர், அதே அண்டா, அதே பீர். 2021-ல் கடைசித் துறவிகளும் அங்கிருந்து கிளம்பியதும் முத்திரை போய்விட்டது. அமெரிக்காவில் ஸ்பென்சர் என்ற மடம் 2013-ல் ஆசையாக ஆரம்பித்து 2022-ல் கட்டுப்படியாகவில்லை என்று மூடிவிட்டது. ஆஸ்திரியாவில் எங்கல்ஸெல் மடத்தில் ஆள் குறைந்து அதுவும் 2023-ல் முடிந்துபோனது. பீருக்கு வாங்க ஆள் இருக்கிறது, மடத்துக்குச் சேர ஆள் இல்லை. பணம் போட்டுச் சரி செய்யக்கூடிய பிரச்சினையாக இது எனக்குத் தெரியவில்லை.

டபுள், ட்ரிப்பிள் என்கிறார்களே, இரண்டு மடங்கு போதை, மூன்று மடங்கு போதை என்று எடுத்துக்கொள்ளலாமா?
— தண்டையார்பேட்டை வாசகர்

கூடாது. டுப்பல், த்ரிப்பல் என்பது காய்ச்சும்போது போடும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), சர்க்கரையின் கனத்தை வைத்து வந்த பேச்சு வழக்கு, கணக்குப் பாடம் இல்லை. வெஸ்ட்மாலே டுப்பல் 7 சதவீதம், பழுப்பு நிறம். த்ரிப்பல் 9.5, பொன் நிறம். கறுப்பாக இருந்தால் அதிகம் ஏறும் என்ற நினைப்பை இங்கேயே விட்டுவிடுங்கள். ஹாலந்தில் லா த்ராப் என்ற பெயரிலேயே காய்ச்சுகிற மடம் 1991-ல் க்வாட்ருப்பல் என்று ஒன்றை இறக்கியது, அது 10. ரோஷ்ஃபோர் மடம் பெயர் வைக்காமல் 6, 8, 10 என்று எண் போடும். அது சதவீதம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய. பழைய பெல்ஜிய அடர்த்தி அளவு அது. 10 என்று போட்டிருப்பதில் இருப்பது 11.3 சதவீதம். துறவிகள் தங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொள்வது இதையெல்லாம் இல்லை, 5 சதவீதத்தை ஒட்டிய லேசான பீர்.

சர்க்கரை என்றதும் கலப்படம் என்று எழுதாதீர்கள். கற்கண்டு மாதிரி ஒரு பீட்ரூட் சர்க்கரை, அதைப் பாகாகக் கருக்கியும் போடுவார்கள். ஈஸ்ட் அதை மிச்சம் வைக்காமல் தின்றுவிடும். ஆல்கஹால் கூடும், பீர் வாயில் கனக்காமல் லேசாகவே இருக்கும். அந்தக் கருகல் பாகின் வாசம் மட்டும் தங்கும். கருப்பட்டி காய்ச்சுகிற இடத்தில் நின்றவர்களுக்கு டுப்பலை மோந்தவுடன் அந்த ஞாபகம் வரும்.

தலைவா, சுருக்கமாகச் சொல்லுங்க. ஒரு பாட்டிலுக்கு எவ்வளவு ஏறும்?
— பெயர் போட வேண்டாம் என்ற கொருக்குப்பேட்டை வாசகர்

உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். ரோஷ்ஃபோர் 10, 330 மில்லி பாட்டில். உள்ளே இருக்கிற சுத்த ஆல்கஹால் 37 மில்லிக்குக் கொஞ்சம் மேல். 42.8 சதவீத பிராந்தியில் ஒரு கட்டிங், அதாவது 90 மில்லி அடித்தால் 38 மில்லிக்குக் கொஞ்சம் மேல். கிட்டத்தட்ட சமம். வெஸ்ட்மாலே த்ரிப்பல் சின்ன பாட்டில் ஒன்று, 5 சதவீத பீர் பெரிய பாட்டில் ஒன்றுக்குச் சமம். பீர்தானே என்று மூன்று பாட்டில் உடைத்துவிட்டு வண்டியை எடுக்காதீர்கள். ஒன்று போதும், அதுவும் ஒரு மணி நேரம் வைத்து.

எனக்கு எந்த பீரும் ஒரே மாதிரிதான் கசக்கிறது. ருசி பார்ப்பது என்றால் என்ன, அதை எப்படிச் செய்வது? நீங்கள் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?
— திருவொற்றியூர் வாசகர்

அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டேன். கப்பலில் இன்ஜின் ரூமில் இருந்த காலம், ஆன்ட்வெர்ப்பில் சரக்கு இறக்க மூன்று நாள். டர்ன்ஹவுட் போகிற பஸ்ஸில் ஏறி வெஸ்ட்மாலேயில் இறங்கினேன். மடத்துக்குள் விட மாட்டார்கள், மதில்தான் தெரியும், உள்ளே மரங்கள், மணிச்சத்தம். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கடை இருக்கிறது, அங்கே உட்கார்ந்து, இருப்பதிலேயே ஜில்லென்று ஒன்று கொடுங்கள் என்று கேட்டு, பாட்டிலை வாயில் வைத்துக் கவிழ்க்கப் போனேன். பரிமாறிய அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். எதுவும் பேசவில்லை, என் கையிலிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வரும்போது கையில் அகல வாய் வைத்த, பூசைப் பாத்திரம் மாதிரி காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பை. அதைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்றினார். பாட்டிலில் அடி ஒரு விரல்கடை மிச்சம் வைத்து நிறுத்திவிட்டார். மீதியை ஏன் ஊற்றவில்லை என்று எனக்குக் கோபம், காசு கொடுத்தவன் இல்லையா.

அந்த அடியில் இருப்பது ஈஸ்ட் வண்டல். இந்த பீரை அடைக்கும்போதே கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து அடைப்பார்கள், பாட்டிலுக்குள்ளேயே இன்னொரு முறை புளிக்கும், நுரை வருவதும் அதனால்தான். வெளியிலிருந்து வாயு ஏற்றியது இல்லை. வண்டலைக் கலந்தால் கலங்கும், ருசியும் மாறும். விஷமெல்லாம் இல்லை, சிலர் தனியாகச் சின்ன கிளாஸில் ஊற்றிக் குடிக்கிறார்கள். நானும் குடித்துப் பார்த்தேன், நேற்றைய இட்லி மாவுப் பாத்திரத்தைக் கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. ஒரு முறை போதும்.

அப்புறம் குளிர்ச்சி. நாக்கு மரத்துப் போகிற அளவுக்கு ஜில்லென்று குடித்தால் எல்லாமே கசப்புத் தண்ணீர்தான், உங்கள் பிரச்சினை பாதி அதுவாகத்தான் இருக்கும். டுப்பல் மாதிரி கனமான பீருக்குப் பத்து டிகிரிக்கு மேல் இருந்தால்தான் வாசம் எழும்பும். புத்தகத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வையுங்கள் என்பார்கள், நம் ஊர் மே மாதத்தில் ஐந்து நிமிஷம் தாராளம்.

முதலில் மோந்து பாருங்கள், வெட்கப்படாமல் மூக்கைக் கோப்பைக்குள் விட்டு. த்ரிப்பலில் பழுத்த வாழைப்பழ வாசம் வரும், அதற்குப் பின்னால் கிராம்பு. யாரும் வாழைப்பழமோ கிராம்போ போடவில்லை, சூட்டில் வேலை செய்கிற அந்த வகை ஈஸ்ட் உண்டாக்குகிற வாசம் அது. டுப்பலில் பேரீச்சை, உலர்ந்த திராட்சை, கருகிய பாகு. ஒரு வாய் எடுத்து விழுங்காமல் நாக்கு முழுக்கப் பரவ விடுங்கள். விழுங்கின பிறகு கொஞ்சம் பொறுத்துத்தான் கடைசி ருசி வரும், அதற்குள் அடுத்த வாய் எடுத்தால் போச்சு. உப்புக்கடலை, ஊறுகாய் எல்லாம் தள்ளி வையுங்கள். ஊறுகாயை நக்கிவிட்டு எதைக் குடித்தாலும் ஊறுகாய்தான். பாலாடைக்கட்டி ஒரு துண்டு இருந்தால் நல்லது, வெஸ்ட்மாலேயில் மடத்திலேயே அதையும் செய்கிறார்கள், சிமே என்ற இன்னொரு பெல்ஜிய மடத்தின் பெயரிலும் வருகிறது.

அந்தக் கடையில் டுப்பலும் த்ரிப்பலும் ஒரே கோப்பையில் பாதிப் பாதி கலந்து கேட்கிற ஊர்க்காரர்களைப் பார்த்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவர்கள் ஊர், அவர்கள் பீர்.

மச்சான் துபாயிலிருந்து ஒரு பீர் பாட்டில் படம் அனுப்பினான். மீன் வாயில் மோதிரம் வைத்த மாதிரி லேபிள். எங்கள் ஏரியாவுக்கு ஏற்ற பீராக இருக்கிறதே, என்ன அது?
— காசிமேடு வாசகர்

அது ஓர்வால், பெல்ஜியத்தில் அதே பெயருள்ள த்ராப்பிஸ்ட் மடத்து பீர். இத்தாலியின் டஸ்கனி சீமாட்டி மத்தில்தா, கல்யாண மோதிரத்தை அந்த இடத்து ஊற்றில் தவற விட்டுவிட்டு அழுது ஜெபம் செய்தாளாம், ஒரு ட்ரவுட் மீன் மோதிரத்தை வாயில் கவ்விக்கொண்டு மேலே வந்ததாம். நிஜமாகவே இது பொன் பள்ளத்தாக்கு என்று அவள் சொன்னதால் ஓர்வால் என்று பெயர். கதைதான். ஆனால் சகுந்தலையின் மோதிரத்தை மீன் விழுங்கி மீனவன் கையில் கிடைத்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, மீனுக்கும் மோதிரத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. என்ன, நம் மீனின் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள், அவர்கள் மீன் தானே கொண்டுவந்து கொடுத்தது.

1793-ல் பிரெஞ்சுப் படை அந்த மடத்தை எரித்துவிட்டது. 1926-ல் இடிபாட்டுப் பக்கத்திலேயே மறுபடி கட்ட ஆரம்பித்து, கட்டடச் செலவுக்காக 1931-ல் பீர் காய்ச்ச உட்கார்ந்தார்கள். வெளியில் விற்பது ஒரே ஒரு பீர், 6.2 சதவீதம். அதை மற்றதிலிருந்து பிரிப்பது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட். பெரும்பாலான பீர்க்காரர்கள் இந்த ஈஸ்ட் பட்டுவிட்டால் அண்டாவையே கொட்டுவார்கள், இவர்கள் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். பாட்டிலில் அடைத்த புதிதில் பூ வாசமும் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தருகிற ஒரு கொடியின் பூ) கசப்பும் தூக்கலாக இருக்கும். ஆறு மாதம் கழித்து அதே பாட்டில் வேறு ஆள். மழையில் நனைந்து காய்ந்த கித்தான், தோல், கொஞ்சம் வைக்கோல் என்று ஒரு வாசம் வந்துவிடும், இனிப்பு துளியும் இருக்காது. துறைமுகத்துக் கிடங்கில் வேலை பார்த்தவனுக்கு இந்த வாசம் பழக்கம். லேபிளில் அடைத்த தேதி போட்டிருப்பார்கள், புதுசு ஒன்று, பழசு ஒன்று பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தால் ருசி பார்ப்பது என்றால் என்ன என்று நான் மேலே எழுதியது எல்லாம் அரை மணியில் புரிந்துவிடும்.

உலகத்திலேயே சிறந்த பீர் என்று ஒன்றைச் சொல்கிறார்களே, லேபிளே இல்லாமல்?
— மாதவரம் வாசகர்

வெஸ்ட்வ்ளேட்ரன் 12, பெல்ஜியத்தில் அந்தப் பெயருள்ள ஊரின் த்ராப்பிஸ்ட் மடத்து பீர். 2005-ல் ஒரு பீர் மதிப்பீட்டுத் தளம் அதை முதலிடத்தில் வைத்தது, மடத்து வாசலில் கார் வரிசை நின்றுவிட்டது. நம் ஊராக இருந்தால் அடுத்த மாதமே பக்கத்தில் இன்னொரு ஷெட் போட்டிருப்போம். அவர்கள் ஒரு அண்டா கூடுதலாகக் காய்ச்சவில்லை, போனில் முன்பதிவு செய்து வாருங்கள், வாங்கியதை விற்காதீர்கள் என்று மட்டும் சொன்னார்கள். 2019-ல்தான் ஆன்லைன் பதிவு வந்தது. பாட்டிலில் நெடுங்காலம் லேபிள் ஒட்டவில்லை, மூடியின் நிறம்தான் அடையாளமாக இருந்தது, 12-க்கு மஞ்சள். 2012-ல் ஒரு முறை, கட்டடத்தைப் புதுப்பிக்கப் பணம் வேண்டும் என்று வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். பணம் வந்தது, அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு இந்த பீரைவிட அந்த நிறுத்தினதுதான் பெரிய விஷயம். பீர் நல்ல பீர், ஆனால் ரோஷ்ஃபோர் 10 பக்கத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தால் நான் தடுமாறுவேன். கேட்டதும் கிடைக்காத பொருளுக்கு நாக்கு தானாக மார்க் போடும்.

இன்னொன்று. அவர்கள் ஈஸ்ட்டை வெஸ்ட்மாலே மடத்திலிருந்துதான் வாங்கி வருகிறார்கள். உறை ஊற்ற மோர் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி கேட்கிற மாதிரி.

இந்தப் பேட்டையில் குடியால் தாலி அறுந்த வீடுகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். பத்திரிகையில் பீருக்கு ருசி சொல்கிறீர்களே, வெட்கமாக இல்லையா?
— வியாசர்பாடி அம்மா ஒருவர்

தெரியும்மா. என் பெரியப்பா வீடே அப்படித்தான் போனது. உங்கள் கோபத்துக்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. குடிக்காதவர் யாரும் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம், 21 வயது ஆகாதவருக்குச் சட்டமே இடம் கொடுக்கவில்லை.

உங்களுக்கு ஒரு செய்தி மட்டும். இந்த ஊர்ப் பிரச்சினை அந்த ஊரிலும் இருந்தது. தொழிலாளிகள் ஜின் குடித்தே அழிகிறார்கள் என்று 1919-ல் பெல்ஜியத்தில் வாண்டர்வெல்டே என்ற சோஷலிஸ்ட் அமைச்சர் பெயரால் ஒரு சட்டம் வந்தது. காபிக்கடை, மதுக்கடைகளில் உட்கார்ந்து குடிக்கச் சாராய வகை எதையும் கொடுக்கக் கூடாது. வீட்டுக்கு வாங்குவதானால் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் வாங்க வேண்டும், கூலிக்காரன் கையில் அவ்வளவு காசு ஏது? அறுபது வருஷத்துக்கு மேல் அந்தச் சட்டம் இருந்தது. ஜின் போன இடத்துக்குக் கனமான பீர் வந்தது. மடங்கள் காய்ச்சிய 9, 10 சதவீத பீர் அந்த ஊரில் வேர்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். ஆக, நான் இவ்வளவு நேரம் ருசி சொன்ன பீருக்குப் பின்னாலும் உங்களைப் போல் யாரோ கோபப்பட்டு எழுதிய கடிதங்கள் இருக்கும்.

வீட்டிலேயே காய்ச்சலாம் என்று வீடியோ பார்த்தேன். முயற்சி செய்யலாமா?
— புதுவண்ணாரப்பேட்டை தம்பி

கூடாது. உரிமம் இல்லாமல் காய்ச்சினால் மதுவிலக்குச் சட்டத்தில் உள்ளே போவாய். அம்மாவிடம் இட்லி மாவு புளிக்க வைக்கக் கற்றுக்கொள், ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் செய்கிற வேலை அதிலேயே புரியும்.

எல்லாம் சரி அண்ணா, இது நம் ஊரில் எங்கே கிடைக்கும்?
— எண்ணூர், தண்டையார்பேட்டை, மூலக்கொத்தளம் என்று ஆறு பேர்

எங்கள் பக்கத்துக் கடையில் போன மாதம் கேட்டேன். சிமே இருக்கிறதா என்றேன். சிமெண்ட் கடை அந்தப் பக்கம் சார் என்றார்.

விமான நிலையக் கடைகளில் சிமே நீல லேபிள் சில சமயம் கண்ணில் படும், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தூக்கி வந்தால் உண்டு. வந்தால் வெயில் படாமல் வையுங்கள், வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் நாறிவிடும், அதற்காகத்தான் கரும்பழுப்பு பாட்டில். படுக்க வைக்காதீர்கள், நிற்க வையுங்கள், வண்டல் அடியில் உட்காரட்டும்.

என்னிடம் ஒரே ஒரு ஓர்வால் இருக்கிறது, பழைய கப்பல் கூட்டாளி கொண்டுவந்தது. அடைத்து எட்டு மாதம் ஆகிறது, இன்னும் கொஞ்சம் பழசாகட்டும் என்று ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆடி முடிவதற்குள் எடுக்காவிட்டால் எடுத்து வெளியே வைத்துவிடுவேன், பெரிய பாத்திரத்துக்கு இடம் போதவில்லை என்று வீட்டில் கெடு வைத்திருக்கிறார்கள்.